குளத்தில் நான் விட்ட இரண்டு மீன்கள்

சென்ற வருடம் வைகாசி மாதம், காரைக்காலில் பூவத்தை அடுத்த எங்கள் ஊர்க் குளத்தில் நடந்தது இது. நன்னீர் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் கல்லூரி மாணவி ஒருவர், குளத்தில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று பார்க்க வந்திருந்தார். அந்தக் குளத்தில் மீன் பிடித்துப் பிழைக்கும் எங்கள் தெருக்காரர்தான் அவருக்காக வலை இழுத்தார். எனக்கு ஆபீஸ் லீவு. கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை கனத்தது. நிறைய விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். கரையில் கொட்டியதும் தூக்கிவாரிப் போட்டது. விரால் இல்லை, கெளுத்தி இல்லை. கறுப்பாக, விசிறிபோல விரிந்த முதுகுத் துடுப்பும் முள்ளுமாக நாற்பது ஐம்பது மீன்கள் நெளிந்தன. அடியில் விரல் நீளத்தில் நாலைந்து கெண்டைகள். அவ்வளவுதான்.

“ரெண்டு வருஷமா இதே கதைதாங்க. வலையெல்லாம் கிழிச்சிடுது. திங்கவும் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க” என்று வலை இழுத்தவர் மாணவியிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கையெல்லாம் முள் கிழித்த தழும்பு.

மாணவி ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். “இது நம்ம ஊர் மீனே இல்லைங்க. கண்ணாடித் தொட்டியில பாசி திங்கறதுக்காக வளப்பாங்க. பெருசாயிட்டா யாராவது குளத்துல விட்டுடறாங்க. கரையில வளை தோண்டி முட்டை வைக்கும். பாசியை மேயறப்ப மத்த மீனோட முட்டையும் சேர்ந்து போயிடும்.”

உறிஞ்சும் அந்த வட்ட வாயைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஐந்தாறு வருடங்களுக்கு முன் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது, அவளுடைய தொட்டியில் மிச்சமிருந்த இரண்டு மீன்களைச் சாகவிட மனமில்லாமல், வாளியில் கொண்டுவந்து இந்தப் படித்துறையில் விட்டது நான்தான். புண்ணியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். முள் கிழித்த அந்தக் கையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“தம்பி, இதைக் கொண்டாந்து விட்டது நான்தான்” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீங்களாக்கா?” என்றார். பிறகு குனிந்து கிழிந்த வலையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“வாய்க்கால் வழியாவும் வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதுங்க” என்று மாணவி சமாதானம் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை.

குளம் வற்றிக் கிடந்த அந்த மாதம் முழுக்க, லீவு நாட்களில் நானும் கணவரும் தெருக்காரரோடு சேற்றில் இறங்கி அந்த மீன்களை அள்ளிக் குழியில் புதைத்தோம். தீரவில்லை. மழைக்குப் பிறகு மறுபடி பெருகிவிட்டன. அவர் இப்போது மீன் பிடிப்பதை விட்டுக் கட்டட வேலைக்குப் போகிறார். வழியில் பார்த்தால் “சாப்டீங்களாக்கா?” என்று எப்போதும்போல் கேட்கிறார். இரக்கத்தோடு செய்வதாலேயே ஒரு காரியம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த நான், அவருக்குப் பதில் சொல்ல இன்னும் தடுமாறுகிறேன்.