மறைபணி என்றால் ஒளிந்து செய்கிற வேலை இல்லை

விசா விண்ணப்பம் நிரப்பித் தருகிற தொழிலில், விமானம் ஏறப்போகிறவர் நிம்மதியாக இருப்பார். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பார். இதே தொழிலில், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஓர் எழுத்து தப்பினாலும் "டிகிரி படிச்ச பொண்ணாம்" என்று யாரோ சொல்வது போலவே இருக்கும். அதனால் எதையும் திரும்பத் திரும்பப் படிக்காமல் அனுப்ப மாட்டேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்குப் போகிற டிரைவர்கள், கொத்தனார்கள். மறைபணிக்கு விசா கேட்டு வந்தவர் அமலா சிஸ்டர் ஒருவர்தான். இதில் கைரேகைச் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. சிஸ்டரின் தம்பி ஜெரோம் சொல்லித் தெரிந்துகொண்டது. மற்றதெல்லாம் எங்கள் கடையில் நடந்தது.

என்ன தொழில்?

அமலா சிஸ்டர் தன் அப்பாவோடு வந்தார். அப்பா சின்னப்பன் உப்பளத் தொழிலாளி. பாத்தியிலிருந்து நேராக வந்திருந்ததால் கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சிஸ்டரின் கன்னியர் சபை அவரை ஜாம்பியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்ப முடிவு செய்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொரு சிஸ்டரை அனுப்பிவிடுவார்கள். "சபையில சேர்ந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேம்மா. இப்பத்தான் சரின்னிருக்காங்க" என்றார்.

தொழில் என்ற கட்டம் வந்தது. "மறைபணியாளர்" என்றார். எங்கள் வீட்டில் மாரியம்மன்தான்; அந்தச் சொல்லை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். மறைத்தல், மறைவிடம், தலைமறைவு என்று எனக்குத் தெரிந்த மறையெல்லாம் மனதில் ஓடியது. பின்னால் ஆதாருக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், இத வெளியில சொல்லலாமா?" என்று கேட்டேன். சிஸ்டர் விழித்தார். சின்னப்பன் ஐயாவுக்குத்தான் முதலில் புரிந்தது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏம்மா, மறைன்னா வேதம்மா! எம் பொண்ணு என்னா, தங்கம் கடத்தவா போறா?"

சுலபமான வழி

எங்கள் ஓனர் முருகன் அண்ணன் நல்லவர். வாடிக்கையாளர் அலையக்கூடாது என்பதற்காகவே குறுக்கு வழி கண்டுபிடிப்பார். மறைபணி என்று போட்டால் பங்குத்தந்தையின், அதாவது ஊர்க் கோயில் ஃபாதரின், கடிதம் வேண்டும்; நீண்ட நாள் தங்க வேண்டியிருப்பதால் பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்க வேண்டும். டூரிஸ்ட் என்றால் கையில் இருக்கிற பாஸ்போர்ட்டே போதும். "டூரிஸ்ட்னு போட்டுடலாம் சிஸ்டர். எறங்கினப்புறம் அங்க பாத்துக்கலாம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள போவணுமா இல்லயா?" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சிஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டூரிஸ்ட்னா என்னம்மா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். "சுத்திப் பாத்துட்டு திரும்பி வந்துடறவங்க சிஸ்டர்" என்றேன். அவர் சிரித்தார். கோபமே இல்லாமல் முருகன் அண்ணனிடம் சொன்னார்: "வாசல்லயே பொய் சொல்லிட்டு உள்ள போயி, அந்தப் புள்ளைங்களுக்கு நான் என்னா சொல்லிக்குடுக்கறதுங்க?"

விரல் எங்கே?

ஆகவே சிஸ்டரும் ஜெரோமும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனார்கள். அங்கே கைரேகை வைத்தால் மெஷினில் சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாலும் சிவப்பு. காரணம் ஜெரோமுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்ததால், சபையில் அனுமதி வாங்கி வந்திருந்த சிஸ்டர், அம்மா இடத்தில் நின்று தினமும் பாத்தியில் உப்பு இழுத்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் விரல் நுனிகளை வழவழவென்று ஆக்கிவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் உப்பில் கை வைக்காமல் இருந்துவிட்டுத் திரும்ப வரும்படி தன்மையாகச் சொல்லி அனுப்பினாராம்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் பாத்தியில் கிடக்கிற உப்பும் கரைந்துவிடும். அன்றிலிருந்து சின்னப்பன் ஐயா மகளைப் பாத்தியில் இறங்க விடவில்லை. பக்கத்துப் பாத்திப் பெண்கள், யாரும் கேட்காமலே, அந்த அம்மாவின் வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். சிஸ்டருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பத்து விரலிலும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, கையை நீட்டியபடி வரப்பில் உட்கார்ந்து அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை மெஷின் பச்சை விளக்கு காட்டியது. ஆனால் ஜெரோம் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னது அதை இல்லை, பாத்திக்குள்ளிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்ததை: "ஏம்மா சிஸ்டரு, மருதாணி இன்னுமா காயல? மாப்ள ஜாம்பியாவுல காத்துக்கிட்டு இருக்காராம்!"

பங்குத்தந்தையின் கடிதம்

புதுப் பாஸ்போர்ட் வந்தது. பங்குத்தந்தை தமிழில் அழகாக ஒரு கடிதம் எழுதித் தந்திருந்தார். நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முருகன் அண்ணன் அதை போனில் போட்டு இங்கிலீஷாக்கி, பிரின்ட்டும் எடுத்துவிட்டார். ஃபாதரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரும் பேனாவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்.

வழக்கம்போல நான் ஒரு முறை படித்தேன். சட்டென்று காகிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அமலா சிஸ்டர் பல வருடங்களாக 'சீக்ரெட் ஒர்க்' செய்து வருகிறாராம். அவருடைய சீக்ரெட் ஒர்க் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, மிகுந்த திருப்தி அளிக்கிறதாம். அதை ஜாம்பியாவிலும் தொடர அனுமதி தர வேண்டுமாம்! நான் தடுக்கி விழுந்த அதே சொல்லில் போனும் தடுக்கி விழுந்திருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்லத்தான் பக்கத்தில் சின்னப்பன் ஐயா இல்லை. முருகன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். உட்கார்ந்து கடிதம் முழுவதையும் நானே திருப்பி டைப் செய்தேன். ஃபாதர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னார்: "நல்ல வேள பாத்தம்மா. விசாவும் கெடச்சிருக்காது, ஆயரையும் சேத்து விசாரிச்சிருப்பாங்க."

அங்கே கடல் இல்லை

ஒரு மதியம் அனுமதி மெயில் வந்தது. மேலிருந்து கீழ் வரை படித்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் போன் செய்தேன். சிஸ்டர் சென்னைக்குப் போயிருந்ததால் சின்னப்பன் ஐயா வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, நான் பிரின்ட் எடுத்துத் தந்த காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். ஜாம்பியா எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேப்பைத் திறந்து காட்டினேன். அதைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் கடலின் நீலம் இல்லை. மகள் எவ்வளவு தூரம் போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு கேட்டார்: "கடலே இல்லன்னா, சோத்துக்கு உப்புக்கு என்னாம்மா பண்ணுவாங்க?"

பள்ளி திறக்குமுன்னே சிஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், பெட்டியில் சொந்தப் பாத்தி உப்பு ஒரு பொட்டலத்தோடு. ஐயாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தேடிப் பார்த்தேன். அந்த நாட்டின் வடக்கில், உப்பேறிய மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடுப்பில் காய்ச்சி உப்பு எடுக்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அடுத்த முறை கடைக்கு வந்தபோது அவரிடம் சொன்னேன். "காய்ச்சறாங்களா?" என்று திகைத்துப்போனார். "ஏன், அங்க வெயிலு இல்லயா? ஏம்மா, பாத்தி கட்டற வெதத்த அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கச் சொல்லி அமலாவுக்கு ஒரு மெசேஜ் போடு."

ஆக, எங்கள் கடை வழியாக ஜாம்பியாவுக்குப் போன மறைபணியில் மறை சிஸ்டருடையது, பணி அவர் அப்பாவுடையது, இரண்டுக்கும் நடுவில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டது மட்டும்தான் நான்.