நிர்வாகி நுழைவு

ஓட்டமாவடி ரிப்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கணினி படித்துவிட்டு, வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கம்பனிகளின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஊர் இரத்ததானச் சங்கத்தின் இணையத்தளமும் அவள் பொறுப்புத்தான். அதற்குச் சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளம்.

அந்தத் தளத்தில் நூற்றுப் பதினெட்டுப் பெண்களின் பெயரும் இரத்த வகையும் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. "என்னை நம்பித் தாங்க" என்று வீடு வீடாகப் போய் ரிப்காவே வாங்கியவை.

ஒரு திங்கட்கிழமை அவர்களில் ஒருத்தியான தன்னாமுனை விதுர்ஷா கோல் எடுத்தாள்.

"அக்கா, ஆரோ ஒருத்தன் ஒரு நாளைக்கு மூண்டு தரம் எடுக்கிறான். என்ட இரத்த வகையச் சொல்லி, கலியாணம் கட்டுவமா எண்டு கேக்கிறான். இதென்ன பொருத்தம் பார்க்கிற விதம்? என்ட பேரை வெட்டி விடுங்க."

ரிப்கா கணினிக்கு ஓடினாள். சேர்வரின் பதிவைத் திறந்தால், 'நிர்வாகி' என்ற ஒரே பெயரில் பத்தொன்பது இடங்களிலிருந்து உள்ளே போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல், எவனென்று பிடிப்பது? பிழை தொடங்கியது அவளிடம்தான். தளத்தைத் தமிழாக்கும்போது 'அட்மின் லொகின்' என்பதை 'நிர்வாகி நுழைவு' என்று எழுதிவிட்டாள். சங்கத்திலோ நிர்வாகிகள் பதினொரு பேர். விடுவார்களா! அந்தக் கடவுச்சொல்லை ஆளுக்கொரு திறப்பாகக் கேட்டு வாங்கி, மருமகன், மச்சான் என்று பங்கும் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றினாள். அஸர் தொழுத கையோடு தலைவர் உசனார் ஹாஜியார் வாசலில் நின்றார்.

"என்ன புள்ள, பொதுக்கூட்டத்தில எல்லாரும் கையத் தூக்கித் தெரிவு செஞ்ச நிர்வாகி நான். என்னையே வெளிய விட்டுப் பூட்டிட்டியா?"

"ஹாஜியார், அது வேற நிர்வாகி. மெஷினப் பார்க்கிற ஆள்."

"நிர்வாகியில என்னகா வேற? வெள்ளிக்கிழமைக்குள்ள திறப்பு வரணும். இல்லாட்டி வேற ஆளப் போடுவம்."

ரிப்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு ஆள் வந்தால் பதினொரு திறப்பும் திரும்பிவிடும். பெண்கள் ஒவ்வொருவராகப் பெயரை வெட்டுவார்கள். பிறகு பிள்ளைப்பேற்றில் ஒருத்திக்கு இரத்தம் வேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் குந்தினாள். தன் மடிக்கணினியிலிருந்து மட்டும், தன் கைப்பேசிக்கு வரும் இலக்கத்தையும் போட்டால்தான் திறக்கும்படி செய்தாள். அந்த வாசலின் பெயரையும் மாற்றினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தாளை நீட்டினாள். "குப்பையக் கூட்டித் தள்ளுற வேலைதான் ஹாஜியார். திறப்பு வேணுங்கிற ஆக்கள் இதில ஒப்பம் வைங்க."

தாளின் தலைப்பிலும் அவளின் மடிக்கணினித் திரையிலும் ஒரே வாசகம்: துப்புரவு ஊழியர் நுழைவு.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு தரம் வாசித்தார். தாள் பதினொரு கை மாறி வெறுமையாகத் திரும்பி வந்தது.

"எங்களுக்கு என்னத்துக்கு மகள் இதெல்லாம்? நீயே பாரு."

துப்புரவு என்றால் இந்த மனிசர்களுக்கு அவ்வளவு இளப்பம். வாழ்க அந்த இளப்பம்!

வெளியே வந்ததும் விதுர்ஷாவுக்கு எடுத்தாள்.

"அவனை நான் புளொக் பண்ணிட்டன் அக்கா. இப்ப திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"துப்புரவுக்காரி ஒருத்தியிட்ட மட்டுந்தான்."



"அப்ப என்ட நம்பரை வெட்டாதீங்க, அக்கா."