யாரு பேசறது?

சிம்பாங் பூலாயில் உள்ள என் சாப்பாட்டுக் கடைக்குள் அந்த அரசாங்கப் பெண் அதிகாரி நுழைந்தார்.

செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நானோ அப்போதுதான், போனில் ஆர்டர் எடுக்க என் குரலிலேயே பேசும் மெஷின் ஒன்றை வைத்திருந்தேன். வியாபாரம் எகிறிக்கொண்டிருந்தது. அதை மூடத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து, மேசைக்கடியில் குனிந்து இல்லாத கரண்டியைத் தேடினேன்.

பாஜு குரோங் என்ற மலாய் நீள உடை, ஓட்டக் காலணி, நரைத்த குட்டை முடி. எதையாவது கவனித்துக் கேட்கும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். என் எதிரிலேயே கடைக்குப் போன் போட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரு பேசறது? மனுசனா?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? தாப்பாவுல பொறந்த மனுசன் லா!” என்றது என் குரல்.

“அக்கா, மூடிறாதீங்க!” என்று நான் அலறினேன்.

அவர் சிரித்தார். “எதுக்குண்ணே மூடணும்? சட்டம் போட்டு நல்லதையும் வெட்டிடுவோமோன்னு எங்களுக்கும் பயம்தான். அதான் கடை கடையா வந்து கேக்கறோம். மெஷினுன்னு முதல்லயே சொல்லிடட்டும், போதும்.”

“சொன்னா எவன் ஆர்டர் குடுப்பான்?”

“நான் குடுப்பேன் லா.”

அன்றே மாற்றினேன். மெஷினை வம்புக்கு இழுக்கவே பலர் அழைத்தார்கள். அழைத்தவர்களுக்குப் பசியும் வந்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமை மதியம் ஸ்பீக்கரில் அந்த அக்காவின் குரல் கேட்கும். “யாரு பேசறது?” மெஷின் உண்மையைச் சொன்னதும் ஒரு சிரிப்பு, பிறகு ஒரு மீன்கறிச் சாப்பாடு. சோதிக்கிறாரா, பசிக்கிறதா, தெரியவில்லை. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அவரைப் போலவே என் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன்.