முப்பத்தாறு டிகிரி வித்தியாசம்

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் ரத்தினபாய் அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். நூற்றொன்று என்று சொன்னால் அவர் உடனே பயப்பட மாட்டார். "எப்ப பார்த்தீங்க? அதுக்கு முன்னாடி காபி குடிச்சாங்களா? போர்த்திட்டுப் படுத்திருந்தாங்களா?" என்று கேட்பார். வெறும் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. திட்டிவிட்டு, கூடவே வந்து பார்த்துவிட்டும் போவார்.

அவருடைய கணவர் வில்பிரட் அண்ணன் நேர் எதிர். எண்ணைப் பார்த்தாலே பயம். கேஸ் சிலிண்டரை இரண்டு முறை மூடியபிறகும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பார். தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதினோரு வருடம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தவர், 2006 ஏப்ரலில் அதை விட்டுவிட்டு வீட்டிலேயே சொந்தமாகத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான் என்று அக்கா சொல்வார். ஸ்டுடியோ முதலாளி ஸ்ரீநிவாசராகவன் கோபப்படவில்லை. "ஒரு கல்யாணத்தை முடிச்சுப் பாருப்பா. சரிப்படலன்னா சொல்லு, உன் நாற்காலி அப்படியேதான் இருக்கும்" என்றார். அந்த நாற்காலி அண்ணனைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

முதல் வேலை, கோவளத்தில் படகு வைத்திருக்கும் துலுக்காணத்தின் மகள் சரிதாவின் கல்யாணம். சரிதா வெள்ளிக்கிழமை விடியற்காலை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாள். டிவிடி வியாழன் மாலைக்குள் வேண்டும். படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து எல்லாம் ஆயிற்று. இனிக் கம்ப்யூட்டர் அதை டிவிடிக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும். ஐந்தரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டிய வேலை.

ஓடவில்லை. அண்ணன்தான் ஓட விடவில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் பிராசஸரின் சூட்டைக் காட்டும் ஒரு புரோகிராம் இருந்தது. ஆசையாகப் போட்டுப் பார்த்தார். வேலை தொடங்கி இருபதாவது நிமிடம் எழுபது டிகிரி என்று சிவப்பில் காட்டியது. உடனே நிறுத்திவிட்டார். ஆறவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி எழுபது, மறுபடி நிறுத்தம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இப்படியே போயிற்று. ஸ்டுடியோவில் ஒருமுறை ஒரு கம்ப்யூட்டர் புகைந்து மூன்று வார வேலை போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

புதன்கிழமை, கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த மோகன்ராஜ் வந்தார். வந்ததும் ரீஸ்டார்ட் செய்து, நீலத்திரையில் எதையோ திறந்து, விரலால் தட்டிக் காட்டினார்.

"நாப்பத்தொம்போது. ஜில்லுன்னு கீது சார். இன்னாத்துக்கு சும்மா பேஜார் பண்றீங்க?"

டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா வாசலில் நின்றார். "ஓடிட்டு வந்தவனை உட்கார வச்சு, தண்ணி குடுத்து, அப்புறம் நாடி பிடிச்சா நார்மலாத்தாம்பா இருக்கும். ஓடும்போது பார்த்தியா?"

"சிஸ்டர், இது மெஷினு. ஊசி கீசி போட்டுடாதீங்க."

"சரி, எது வரைக்கும் தாங்கும்? அதச் சொல்லு."

மோகன்ராஜ் தலையைச் சொறிந்தார். "எழுபத்தஞ்சு தாண்டுனா அதுவே ஸ்லோ ஆயிடும் சிஸ்டர். இன்னும் ஏறிச்சின்னா தானா ஆஃப் ஆயிடும். எரிஞ்செல்லாம் பூடாது."

"ஆஃப் ஆனா என் ஃபைல் போச்சு" என்றார் அண்ணன். பிரவுசிங் சென்டரில் எடுத்து வந்த ஒரு பிரிண்ட்-அவுட்டை மடியில் வைத்திருந்தார். ஏதோ குளிர் நாட்டுக்காரன், இதே பிராசஸர் வைத்திருப்பவன், முழு வேலையிலும் தன்னுடையது ஐம்பத்தைந்தைத் தாண்டியதில்லை என்று எழுதியிருந்தான். அண்ணன் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

வியாழக்கிழமை அக்காவுக்கு வார விடுமுறை. முதல்நாள் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், அங்கே நடந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கம்ப்யூட்டர் மேசையின் அடியில் சிபியூ வைத்திருந்த மரத்தடுப்பின் கதவைத் திறந்து வைத்திருந்தார். அண்ணன் அதைத் தூசிக்குப் பயந்து எப்போதும் பூட்டியே வைப்பார். பக்கத்தில் ஒரு மருத்துவமனைச் சார்ட். பெயர் என்ற இடத்தில் 'பிராசஸர்' என்றும் வயது என்ற இடத்தில் 'ஒரு மாதம்' என்றும் எழுதியிருந்தது.

"ஏறி ஒரு இடத்துல நின்னுட்டா விட்டுடலாம். ஏறிக்கிட்டே போனா நானே நிறுத்தச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க மவுஸைத் தொடக்கூடாது" என்றார் அக்கா.

"தொடல, ரத்தினம்."

"கையைக் கட்டிக்குங்க."

அண்ணன் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டார்.

பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஐம்பத்திரண்டிலிருந்து அறுபத்தி மூன்று, அறுபத்தொன்பது, எழுபது. பிறகு எழுபதிலேயே நின்றது. பன்னிரண்டரைக்கும் எழுபது, ஒன்றரைக்கும் எழுபது. அக்கா புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்தார். மேசையின் விளிம்புபோல நேராக இருந்தது. அண்ணன் கட்டிய கையை அவிழ்த்து ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு எழுபத்தொன்று. இரண்டு இருபதுக்கு எழுபத்து மூன்று. இரண்டரைக்கு எழுபத்து நான்கு.

"ரத்தினம், ஏறுது."

அக்கா புறங்கையால் சிபியூவின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தொடுவதுபோல.

"நீதானே சொன்னே, ஏறிக்கிட்டே போனா நிறுத்தணும்னு? இன்னும் ஒரு டிகிரிதான் இருக்கு. நிறுத்திடறேன். அவங்ககிட்ட முடியலன்னு சொல்லிடறேன். ஸ்டுடியோ சாருக்கும் போன் பண்ணிடறேன்." அவர் கை மவுஸ்மேல் இருந்தது. இப்போது நிறுத்தினால் மறுபடி ஐந்தரை மணி நேரத்துக்கு இடமில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க. நோயாளியையே பார்த்துட்டு இருந்துட்டேன். வார்டைப் பார்க்கல."

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த மேசைக் காலண்டர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெப்பமானி. முப்பத்தெட்டு. காலையில் தொடங்கும்போது அதையும் சார்ட்டின் மூலையில் குறித்து வைத்திருந்தார்: முப்பத்து நான்கு.

"எழுபதுல முப்பத்து நாலு போனா?"

"முப்பத்தாறு."

"எழுபத்து நாலுல முப்பத்தெட்டு போனா?"

அண்ணன் உதடு அசைய விரல்விட்டு எண்ணினார். "அதே முப்பத்தாறு."

"அந்த வெள்ளைக்காரன் பேப்பரைக் குடுங்க. அவன் ரூம் என்னன்னு போட்டிருக்கானா?"

போட்டிருந்தான். அண்ணன் கோடு போட்ட வரிக்கு அடுத்த வரியிலேயே இருந்தது. அறை பத்தொன்பது. ஐம்பத்தைந்தில் பத்தொன்பது போக முப்பத்தாறு.

"அவனோடதும் நம்மளோடதும் ஒரே உடம்புதாங்க. அவன் பனியில உட்கார்ந்திருக்கான், நாம மே மாசத்துல உட்கார்ந்திருக்கோம். சூடு ஏறுனது ரூமுக்கு" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுந்தார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் பாதிவரை வந்திருந்தது. கட்டிலிலிருந்த போர்வையை உருவி, வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து ஜன்னலில் கட்டினார். நான் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். அறை இருண்டது. ஈரத்துணி வாசனை வந்தது.

கால் மணி நேரம் காலண்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தோம். காலண்டர் முப்பத்தேழு காட்டியபோது திரையில் எழுபத்து மூன்று வந்தது. முப்பத்தாறுக்கு எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு என்றதும் அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வேலை முடிந்தது. ஏழு மணிக்குத் துலுக்காணம் ஆட்டோவில் வந்து இறங்கினார். டிவிடியைக் கையில் வாங்காமல், "கொஞ்சம் போட்டுக் காட்டேன் வாத்யாரே" என்றார். தாலி கட்டும் இடம் வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பாரேன், நான் எப்டி அழுதுகினு கீறேன்! யாருமே சொல்லல. இத்த நீ வெட்டலியா?"

"வெட்டியிருக்கணுமாங்க?"

"இன்னாத்துக்கு வெட்டணும்? இருக்கட்டும். அங்க போய்ப் பாக்கட்டும் அவ."

அவர் போன பிறகு வில்பிரட் அண்ணன் ஸ்ரீநிவாசராகவனுக்குப் போன் செய்தார். எழுந்து நின்றுதான் பேசினார்; பதினோரு வருடப் பழக்கம். "முடிச்சுக் குடுத்துட்டேன் சார். நான் வரல சார்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மெஷின் சூடாகிறது என்று புலம்பினாயே என்பதாக இருக்கும்.

"ஆகுது சார். என் ரூமைவிட முப்பத்தாறுதான் சார் அதிகம்" என்றார் அண்ணன், பெருமையாக. அது எப்படி என்று முதலாளிக்குப் புரியவைக்க அவருக்கு மேலும் கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா அடுப்படியிலிருந்து, "ரூம் எவ்வளவுன்னு அவரைக் கேளுங்க முதல்ல" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.