மனுவில் இருந்த ஊதாத் தடம்

அந்த மனுவின் இடது ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு விரல் தடம் இருந்தது. மையல்ல, மருந்து. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் நான் தலைமை எழுத்தராக இருந்த அலுவலகத்தில், தபால் வாங்கும் குமாஸ்தா எழுதிய மனு அது. அவருக்குக் கன்னத்திலும் தாடையிலும் படை. ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து பூசிவிட்டார்கள். பதினைந்து நாளில் படையும் போகும், நிறமும் போகும் என்றாராம் டாக்டர்.

பதினைந்து நாள் என்பது டாக்டரின் கணக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து நாளெல்லாம் ஊராரிடம் கைநீட்டிக் காகிதம் வாங்குகிறவருக்கு அது வேறு. வடமதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மனுவை அவர் கையில் தராமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நகர்ந்தார். பின்னால் நின்றவர், "என்ன சார், கத்தரிக்காய அரைச்சுப் பூசிட்டு வந்துட்டீகளா?" என்றார். வரிசை சிரித்தது. குமாஸ்தாவும் சிரிக்கப் பார்த்தார். மருந்து காய்ந்து இறுகிய கன்னம் இடம் தரவில்லை.

அன்று மத்தியானம் தாடையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "அண்ணே, இது போற வரைக்கும் ரெக்கார்டு ரூம்ல உக்காந்துக்கிறேண்ணே."

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத்தான் எல்லா விதியும் தெரியுமே. "வாய்வார்த்தையெல்லாம் செல்லாது. காரணத்தோட எழுதிக் குடுங்க" என்றேன். 'என் முகத்தின் நிறம் காரணமாக' என்று எழுதிக் கொடுத்தார். அதையும் முறைப்படி சுற்றுக்கு விட்டேன். மேஜை மேஜையாகப் போனது. ஒவ்வொருவரும் படித்துச் சுருக்கொப்பம் இட்டார்கள். அதுவரை அவர் முகத்தைக் கவனிக்காதவர்கள்கூட ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதிகாரி 'அனுமதிக்கலாம்' என்று எழுதி, காகிதம் என்னிடம் திரும்பியபோது அவர் முகம் பழைய மாநிறத்துக்கு வந்திருந்தது.

"இனிமே எதுக்கு? ஜன்னல்லயே இருங்க" என்றேன்.

"உத்தரவு வந்துருச்சுல்லண்ணே" என்று பேனாவை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனார். எனக்கு மாற்றல் வரும்வரை அவர் அந்த அறையை விட்டு ஜன்னலுக்குத் திரும்பவே இல்லை. கோப்பு கேட்டால் ஒரு கையால் நீட்டுவார். மறு கை தாடையை மூடியிருக்கும். மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இப்போது என் நெற்றியில், வெயில் தந்த தடிப்புகளுக்கு ஒரு களிம்பு. அது பட்டு முகம் சிவந்து உரிகிறது. மூன்று வாரத்தில் சரியாகும் என்கிறார் மருத்துவர். நம்புகிறேன். ஆனாலும் தபால்காரர் தட்டினால் கதவைத் திறப்பதில்லை. "ஜன்னல்ல வச்சிட்டுப் போப்பா" என்று உள்ளிருந்தே சொல்கிறேன். அவர் போன பிறகும் செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அந்த மனுவில் முதல் சுருக்கொப்பம் என்னுடையது. ஊதாத் தடத்தில் கை பட்டுவிடாமல், காகிதத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போட்டது.