சப்பான் ஊட்டு மூங்கில் ஆணி

சாயங்காலம் நாலே முக்காலுக்கு அக்காவின் போன் வந்தது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே என் கார் நகராமல் நின்றிருந்தது. “தம்பி, மாமா எத்தனை கூப்பிட்டாலும் பேச மாட்டீங்கறாரு. வாளைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. இப்பச் சாஞ்சாப்பல இருக்கறாரு” என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ அழுதார்கள். அவள் அழவில்லை. எனக்கும் ஒன்றும் புரியாமல், “தண்ணி தெளிச்சுப் பாரு” என்று சொன்னேன்.

நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் வாள் என்கிற பேச்சு ஊரெல்லாம் போய்விட்டது. கையை அறுத்துக்கொண்டார் என்றார் ஒருவர். வாள் மேல் விழுந்துவிட்டார் என்றார் இன்னொருவர். மாமாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் வந்து, நெஞ்சு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் “பாத்தீங்களா, கேட்டீங்களா?” என்று கேட்க வேண்டியவர் உள்ளே படுத்திருந்தார்.

அது அவருடைய கேள்வி. என் அக்கா பழனாத்தாளின் வீட்டுக்காரர் குப்பண்ணன். எல்லைக்கு மலையாளப் பக்கம், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் வைத்திருந்தார். பக்கத்துத் தோப்பில் பூ கருகுகிறது என்று சொன்னாலும் சரி, பஞ்சாயத்தில் ரோடு போடப் போகிறார்கள் என்று சொன்னாலும் சரி, முதலில் அதைத்தான் கேட்பார். கேட்டது என்றால் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். பார்த்தது என்றால் மட்டும் உட்காரச் சொல்வார். மாங்காய் வியாபாரிகள் அவரிடம் விலை பேசப் பயந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, குணம் எப்படி என்று அக்கா கேட்டபோது, “பலகாரம் நல்லாருந்துச்சு. அதுதான் நான் பாத்தது” என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டதை வைத்தே நம்பியிருந்தார். அவருடைய அப்பா நாச்சிமுத்து பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மலேயாவில் சண்டை முடிந்ததும் சப்பான்காரர்கள் வரிசையாக வந்து வாளைக் கீழே வைத்தார்களாம். அதில் ஒன்றை வெள்ளைக்காரத் துரை அவருக்குக் கொடுத்தாராம். அந்த வாளோடு அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குச் சப்பான் ஊடு என்று பேர். மாமா அதற்கப்புறம் பிறந்தவர்.

போன வருஷம் ஊர் வாயனசாலையில், யுத்தத்துக்குப் போய் வந்த ஊர்க்காரர்களின் பேரைக் கல்லில் வெட்டி வைப்பது என்று முடிவு செய்தார்கள். வாயனசாலை என்றால் எங்கள் பக்கம் நூலகம். அதன் பொறுப்பில் இருந்தவர் ஈஸ்வரன், மாமாவின் சித்தப்பா மகன்.

“பெரியப்பாரு பட்டாளத்துக்குப் போனதுக்குக் காயிதம் எதாச்சும் இருக்குதுங்களாண்ணா?” என்று மாமாவிடம் கேட்டார்.

“பொட்டியோட கரையான் தின்னுருச்சு. அதான் வாள் இருக்குதல்லோ.”

“அதப் பெரியப்பாரு பொள்ளாச்சிச் சந்தையில வாங்குனாருன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க.”

“உங்கப்பாரு பாத்தாரா, கேட்டாரா?”

“நீங்க பாத்தீங்களாண்ணா?”

அன்று ராத்திரி மாமா, சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் எழுந்துபோனதாக அக்கா சொன்னாள். கல்லில் பேர் வருவதைவிட, தன் அப்பா ஆயுசெல்லாம் ஒரு சந்தைச் சாமானைக் காட்டிக் கதை விட்டாரா என்பதுதான் அவரைப் போட்டு அரித்தது என்று நினைக்கிறேன். என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. “மாப்ளே, கோயமுத்தூர்ல இதையெல்லாம் பாத்துச் சொல்றவீங்க இருக்கறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

விசாரித்ததில் சிவப்பிரகாஷ் என்று ஒருவர் கிடைத்தார். பட்டாளத்தின் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய யுத்தச் சாமான்கள் சேர்ப்பவர். வாளைப் பழைய வேட்டியில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

“எந்தா இது? அம்பலத்திலே வாளோ?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு “ஆமாங்க சார்” என்றார். கோயிலில் அருள் வந்து ஆடும் வெளிச்சப்பாடின் வாள் என்று நினைத்துக்கொண்ட அந்த மனிதர், வேட்டியைப் பழையபடி மூடி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீனாட்சிபுரம் தாண்டும்வரை மாமா பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அப்பன் சொன்னது பொய்யான்னு கேக்கப் போற வழியில மகன் ஒரு பொய் சொல்லியாச்சு.”

சிவப்பிரகாஷ் ஜன்னல் பக்கம் மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வாளை வைத்தார். கைப்பிடியில் சுற்றியிருந்த நாடாவுக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். “திருக்கை மீன் தோல்தான். போலியில பிளாஸ்டிக் இருக்கும். முடிச்சும் ஒன்னு மாத்தி ஒன்னு சரியா ஏறி வருது.” பித்தளைப் பூண்களில் இருந்த செர்ரிப் பூக்களை விரலால் தடவினார். பிடிக்கும் கையைக் காக்கிற கைக்காப்பையும், அதற்கு இரண்டு பக்கமும் இருந்த மெல்லிய தகடுகளின் விளிம்பையும் லென்ஸில் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே எண் பொடியாக அடித்திருந்தது. “ஒரே வாளுக்குன்னு சேர்த்துச் செஞ்ச சாமான். இது அசல்.”

மாமா என் தொடையில் தட்டினார்.

அடுத்து கைப்பிடியைப் பூட்டியிருந்த ஆணி. “இது இரும்பாச்சே. இங்க மூங்கில் ஆணி இருந்திருக்கணும். பழைய மூங்கில்னா தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கும்.”

“அது ஒடஞ்சுபோச்சுன்னு எங்கப்பாரு இதைப் போட்டாருங்க.”

சிவப்பிரகாஷ் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியை உருவினார். உள்ளே இருந்த பகுதி வெள்ளிக் கரண்டி போல மின்னியது. அவர் லென்ஸை அதன்மேலும் வைத்துப் பார்த்தார்.

“இங்க துருவே இல்லையே. எண்பது வருஷத்து வாள்னா கைப்பிடிக்குள்ள கறுப்பாத் துரு ஏறியிருக்கும். அதை வெச்சுத்தான் வயசு சொல்லுவோம். செஞ்சவன் பேரும் அங்கதான் வெட்டியிருப்பான்.”

“ஆயுத பூசைக்கு வருசா வருசம் தேப்பமுங்க. புளியும் செங்கப்பொடியும் போட்டு.”

“வெளிய சரி. கைப்பிடிக்குள்ளயுமா தேய்ப்பீங்க?”

“சாமி முன்னால வெக்கறதுங்க. மறைஞ்ச பக்கம் அழுக்கு இருந்தாச் சாமிக்குத் தெரியாதுங்களா?”

சிவப்பிரகாஷ் சிரிக்கவில்லை. வெயிலில் பிடித்துக் வெட்டும் விளிம்போரமாக ஏதாவது கோடு தெரிகிறதா என்று தேடினார். நெருப்பில் காய்ச்சித் தோய்த்த வாளில் புகை மாதிரி மங்கலாக ஒரு கோடு ஓடுமாம். ஆசிட் ஊற்றி வரைந்த போலியில் அது சட்டென்று நின்றுபோகுமாம். இதில் இரண்டுமே இல்லை. இருந்ததையெல்லாம் செங்கல்பொடி தேய்த்து எடுத்துவிட்டிருந்தது. “பித்தளை அசல். வாள் எனக்குத் தெரியல. அசல் சாமானுக்குள்ள போலி வாளைச் சொருகி விக்கிறவங்களும் உண்டு. கொச்சியில ஜிபின்னு ஒருத்தர் இருக்கார். இரும்பை என்னைவிட நல்லாப் பார்ப்பார். ஒரு நாள் வரச் சொல்றேன்.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா, “நான் தேச்சது தப்புங்களா?” என்று கேட்டாள். “நீ தேச்ச தேப்புல எங்கப்பனே காணாமப் போயிட்டாரு புள்ளே” என்றார் மாமா. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உடனே, “எங்காத்தாளும் அப்படித்தான் தேச்சா. உம் மேல மட்டுமா பழி?” என்றார். அன்றைக்கு அவர் வேடிக்கை பண்ணினாரா, வருத்தப்பட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

ஈஸ்வரனிடம் ஒளிக்காமல் சொன்னார். “சாமான் நெசம். வாள் தெரியலீன்னுட்டாரு.”

“வண்டி நெசம், மாடு தெரியலீங்கற மாதிரி இருக்குதுங்களேண்ணா. போனாப் போகுது, பேரைப் போட்டுக்கலாம் உடுங்க.”

“போனாப் போகுதுன்னு எங்கப்பாரு சண்டைக்குப் போகலீடா. நெசம்னாப் போடு. இல்லாட்டி உட்டுரு.”

ஜிபி இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். மாமா இறந்தது வியாழக்கிழமை.

வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு அக்கா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தை யாரையும் தொட விடாமல் அப்படியே வைத்திருந்தாள். கட்டிலில் வாள் ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். கீழே பேனாக்கத்தி, மூங்கில் சீவல்கள், பாதி செதுக்கிய ஒரு ஆணி. பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் கட்டன்சாயா அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு மூங்கில் துண்டு கிடந்தது.

“மாமா கட்டன் குடிப்பாரா?” என்றேன்.

“பாலில்லாம ஒரு நாளும் குடிச்சதில்ல. அன்னைக்கு அவரே போட்டுக்கிட்டாரு. பால் திரிஞ்சுபோச்சு தம்பி, அதனால இருக்கும். செதுக்கறப்பத் துண்டு தெறிச்சு விழுந்திருக்கும்.”

துண்டை எடுத்துப் பார்த்தேன். நிறம் ஏறியிருந்தது. தேத்தண்ணியில் விழுந்த எதுவும் அந்த நிறம்தான் ஆகும். இரும்பு ஆணி வாளுக்கு ஆகாது என்று கேட்ட மனிதர், முறைப்படி மூங்கில் ஆணி செய்து போட நினைத்திருக்கலாம். அல்லது ஜிபி வருவதற்குள் பழைய ஆணி ஒன்றைச் செய்துவிட நினைத்திருக்கலாம். அதே கையில், அதே கத்தியில், இரண்டையும் செய்ய முடியும். செக்போஸ்ட்டில் சொன்ன ஒரு பொய்க்கு மீனாட்சிபுரம்வரை பேசாமல் வந்தவர் இதைச் செய்வாரா என்று யோசிக்கிறேன். அப்பா பேருக்காக ஒருவர் எதைத்தான் செய்ய மாட்டார் என்றும் யோசிக்கிறேன். நான் டம்ளரைத்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொள்வது.

அக்கா அந்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டாள்.

இன்று காலையில் சாம்பல் கரைத்துவிட்டு வரும்போது ஈஸ்வரன் என் பக்கத்தில் வந்து நடந்தார். கண் சிவந்திருந்தது. “கல்லுல கடைசி வரியக் காலியா உட்டிருக்கறேனுங்க மாப்பிள்ளே. அந்தக் கொச்சிக்காரரு வரட்டும். வாளைப் பூட்டிக் காட்டுங்க. நெசம்னாப் போடலாம். அண்ணன் சொன்ன மாதிரியே.” நான் தலையை ஆட்டினேன். எந்த ஆணியைப் போட்டுப் பூட்டுவது என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

நாளைக்கு ஞாயிறு. இரும்பு ஆணியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியாயிற்று. மாமா பாதி செதுக்கிய மூங்கில் ஆணியைக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழவென்று சீவியிருக்கிறது, மறுபக்கம் பட்டை அப்படியே இருக்கிறது. துளைக்குள் பாதிதான் போகிறது.