பென்சிலில் இருக்கும் ஒரு பெயர்

ஜசிந்தா ரீச்சர் இறந்த செய்தி வந்தபோது, நான் வேலை செய்யும் கந்தோரில் அவருடைய கையெழுத்துக்காக ஒரு மனுவை அச்சடித்துக்கொண்டிருந்தேன். வங்காலையிலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டா. விடியப் பூசைக்கு வெளிக்கிட்டவ, வாசல்லையே இருந்திட்டா." நான் கேட்ட முதல் கேள்வி, "கொப்பி எங்க?" என்பது. கேட்டிருக்கக்கூடாது. ஆனால் ரீச்சரை அறிந்தவர்களுக்கு பிள்ளைகளின் பெயர் எழுதிய எந்தக் கொப்பி என்று தெரியும்.

இந்த நினைவு மலரை வாசிப்பவர்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் குறைவு என்று எங்கள் கரையோரப் பாடசாலை போன வருடம் மூடப்பட்டது. அதன் அபிவிருத்திச் சங்கத்துக்கு ரீச்சர் பொருளாளர், நான் செயலாளர். கட்டட அளவெடுப்பு என் தொழில். கணினி தெரியும் என்பதற்காகப் பிடித்துப் போட்டார்கள். சங்கத்தின் பணம் வங்கியில் முடங்கியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு வள்ளமும் பாடசாலைக்கென்று ஒரு பங்கு மீன் ஒதுக்கிச் சேர்ந்த பணம் அது. மூடப்படும் பாடசாலைகளின் எஞ்சிய நிதியைப் பகிர மாகாணத்தில் ஓர் ஒழுங்குவிதி வரைபு வந்தது: கடைசி நாள் இடாப்பில் வரவு பதிந்த பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்களோ, அந்தப் பாடசாலைகளுக்குத் தலைக்கணக்கில் பணம் போகும். நேரான விதி. ஒரே பின்னேரத்தில் அட்டவணை போட்டு முடித்தேன்.

ரீச்சர் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஆர் வந்தது எண்டு எழுதியிருக்கிறீர். ஆர் வரேல்லை எண்டு பார்த்தனீரோ?"

"வரைபிலை வந்த பிள்ளையள் எண்டுதான் கிடக்கு, ரீச்சர்."

"சோளகத்திலை பள்ளிக்கூடத்தை மூடினவை. சோளகத்திலை ஆர் தம்பி இஞ்ச இருக்கிறது? உம்மட கொம்பியூட்டருக்குக் காத்துப் பிடிக்காது போல."

இந்தக் கரையில் பிறந்த நான் அதை மறந்திருந்தேன். சோளகக் காற்று எழும்பினால் எங்கள் கடல் கொந்தளிக்கும். சொந்த வள்ளம் இல்லாதவர்கள் பிள்ளைகுட்டியோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போய், வாடி என்கிற கொட்டில் அடித்துத் தங்குவார்கள். அந்த முறை திரும்பி வந்தபோது பாடசாலை பூட்டியிருந்தது, மற்றப் பிள்ளைகள் சேர்ந்த பெரிய பாடசாலையில் இடமும் முடிந்திருந்தது. பிள்ளைகளைப் பாப்பாமோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் சேர்த்தார்கள். என் அட்டவணையில் அந்தப் பாடசாலைக்குப் பூச்சியம். தூரத்துப் பாடசாலை அது; வான் கூலிக்கு இந்தப் பணம் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை. இந்தத் தவணை முடியும் மட்டும்தான் ஓடுவேன் என்று வான்காரர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் ரீச்சர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். இடாப்பில் விடுபட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் முதலில் பென்சிலால் எழுதுவார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கண்ட பிறகே பேனையால் எழுதுவார். போனில் கேட்டால் அரை மணித்தியால வேலை என்று நான் சண்டை பிடித்தேன். "போனிலை எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். கேள்விப்பட்டது பென்சில், கண்டது பேனை" என்றார். பொறுமை கெட்டு ஒருநாள் மூன்று பெயர்களை நானே பேனையால் எழுதினேன். ரீச்சர் தாளைக் கிழித்துவிட்டு, முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினார். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் மண்டபக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். வள்ளச் சொந்தக்காரர் அந்தோனி அண்ணை எழும்பி, "எங்கட வள்ளத்துப் பங்கை அங்கால ஏன் குடுப்பான்?" என்று கேட்டார்.

"வள்ளம் உங்கட. வலை இழுத்தது ஆர், அண்ணை?"

"அது கூலிக்கு வந்த பெடியள்."

"அவங்கட பிள்ளையள்தான் அந்த வான்ல போகுதுகள்."

சனம் சிரித்தது. "ரீச்சரோட கதைச்சு வெல்லுறதிலும் சோளகத்திலை வள்ளம் விடலாம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணை அந்தப் பிள்ளைகளையும் சேர்க்கக் கேட்கும் தீர்மானத்தில் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார்.

இறுதிச் சடங்கு முடிந்த பிறகு ரீச்சரின் தம்பி கொப்பியையும் அதனோடிருந்த பென்சிலையும் தந்தார். இரண்டு பெயர்கள் பென்சிலில் இருந்தன. ஒருவனைப் போன கிழமை கண்டேன். வானுக்குள் இருந்து நாக்கை நீட்டிக் காட்டினான். பேனையால் எழுதினேன். மற்றவள் தர்சிகா, ஐந்தாம் ஆண்டு. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாய் கருவாட்டு வாடியில் கூலி வேலை. அவர்கள் இருந்த கொட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் விசாரித்தேன், திரும்பிவிட்டார்கள் என்கிறார்கள். கட்டுக்கரைப் பக்கம் வயல் வேலைக்குப் போனதாக ஒருவர் சொன்னார். போய்த் தேடினேன், இல்லை. இரண்டு பாடசாலை இடாப்புகளிலும் அவள் பெயர் இல்லை.

வரைபின் மீதான விசாரணை நாளைக்கு. கொப்பியைக் கொடுக்க வேண்டியவன் நான். அந்தப் பெயரையும் பேனையால் எழுதிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது; ஒரு பெயரால் பகிர்வு பெரிதாக மாறப்போவதுமில்லை. ஆனால் பணத்துக்காகத் தேடத் தொடங்கிய எனக்கு இப்போது பயம் வேறு. வகுப்பில் இருக்க வேண்டிய ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயரைப் பென்சிலிலேயே விட்டு, இதை முதலில் கண்டுபிடித்தவர் ரீச்சர். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கொப்பி நாளைக்குக் கை மாறிவிடும். அவருடைய பென்சிலும், "ஆர் வரேல்லை?" என்ற அந்தக் கேள்வியும் என்னோடு இருக்கும். இந்த மலரை முப்பத்தோராம் நாள் பூசையில் கையில் வாங்குகிறவர்களே, உங்களில் யாராவது தர்சிகாவைக் கண்டிருந்தால் இன்றைக்கே சொல்லுங்கோ. பூசை முடிந்து எல்லோரும் போகும் வரை கோயில் வாசலில் நிற்பேன். பேனை கொண்டுவந்திருக்கிறேன்.